இணுவிலுக்கு வருகிறவர்களுக்கு, சுருட்டுப் பத்துகிறவர்களுக்கும் சேர்த்து

ஆடி பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் வான்கள் வந்து நிற்கத் தொடங்கும். முதல் நாள் கட்டிப்பிடித்து அழுகை. அடுத்த நாள் நல்லூர். அதற்கடுத்த நாள் நயினாதீவு, பிறகு கசூரினா கடற்கரை, பிறகு திருகோணமலைக்கு ஓர் ஓட்டம். பத்தாம் நாள் பெட்டி கட்டுகிறார்கள். போன வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த என் பெறாமகன் திரும்பிப் போக வானில் ஏறும்போது, எண்பது தாண்டிய பெரியப்பா படலையைப் பிடித்துக்கொண்டு, “ராசா, ஒண்டும் கதைக்கேல்லையே” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இதை எழுத வைத்ததும் அதுதான்.

ஊர் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு சொல். யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வந்தால் கொக்குவில், தாவடி தாண்டி இணுவில். இன்னும் கொஞ்சம் போனால் மருதனார்மடம், சுன்னாகம். செம்மண் பூமி, கிணற்றுத் தண்ணீர், தோட்டம். தவிலும் நாதஸ்வரமும் இந்த மண்ணின் சொத்து. திருவிழாக் காலத்தில் வந்தால் கந்தசுவாமி கோயிலில் சுவாமி எழுந்தருளும் மஞ்சத்தை நின்று பாருங்கள். அதன் மரவேலைப்பாட்டைப் பார்க்க அரை மணித்தியாலம் போதாது.

எப்போது வரலாம்? நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் அதோடு ஒத்து வருவதால் எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். சோளகக் காற்று அடிக்கும், வெயிலும் கொளுத்தும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தடையில்லை என்றால் தை, மாசியில் வாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. மழை ஓய்ந்தபின் வாடைக்காற்றில் ஊர் குளிர்ந்து பச்சையாக இருக்கும், தோட்டத்தில் புகையிலை நிற்கும். கறுத்தக் கொழும்பான் மாம்பழம்தான் வேண்டும் என்றால் வைகாசி, ஆனி. மாரியோடு நுளம்பும் டெங்குவும் வரும், பிள்ளைகளுக்கு நுளம்பு வலை கட்டாமல் படுக்க வைக்காதீர்கள்.

வருகிற வழிகள் முன்பை விட நன்றாகத் திறந்திருக்கின்றன. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து நேரே வந்து இறங்கலாம், பலாலியிலிருந்து எங்கள் வீடு பக்கம்தான். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 இல் கப்பல் ஓடத் தொடங்கியது, ஆனால் காலநிலையைப் பார்த்து நிறுத்துவார்கள், அதை நம்பித் திரும்பிப் போகும் விமானச் சீட்டைப் போடாதீர்கள். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் ஏ9 வீதியால் வானில் ஏழு, எட்டு மணித்தியாலம். என் விருப்பம் ரயில். போரில் தண்டவாளமே இல்லாமல் போன பாதை அது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்த அன்று நிலையத்தில் நின்று அழுதவர்களில் நானும் ஒருவன். விடுமுறைக் காலத்தில் ஆசனங்கள் உடனே தீர்ந்துவிடும், ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். விசா வேண்டியவர்கள் அரசின் இணையத்தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தளங்கள் கூடக் காசு பிடுங்கும். இன்னொன்று: எங்கள் பகுதியில் ரயில் பாதை ஒழுங்கைகளை வெட்டிக்கொண்டு போகிறது, எல்லாக் கடவையிலும் படலை இல்லை. வாகனத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்ட பிறகு கடவுங்கள்.

ஊரில் நாள் விடியப் புறத்திலேயே தொடங்கிவிடும். கோயில் மணி, பிறகு பாண்காரனின் வண்டிப் பாட்டு, பிறகு கிணற்றடி மோட்டர்ச் சத்தம். பத்து மணிக்குள் வேலைகள் முடியும். பன்னிரண்டு தொடக்கம் மூன்று வரை யார் வீட்டுக்கும் போகாதீர்கள், அது சாப்பாடும் சாய்வும். நாலு மணிக்குப் பிளேன்ரீ வரும். அதிலிருந்து விளக்கு வைக்கும் வரைதான் ஊர் கதைக்கிற நேரம். அந்த இரண்டு மணித்தியாலத்தை எந்தச் சுற்றுலாவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

தண்ணீர் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வளவில் தேன் போல இருக்கும், அடுத்த வளவில் உவர். பழகாத வயிறு தாங்காது, கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். நல்லூருக்குள் போகும் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டியோடு போனால் தொல்லை இல்லை. அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். ஏ9 வழியாக வரும்போது முகமாலைப் பக்கம் கண்ணிவெடிப் பலகை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள்.

உதவி செய்யும் ஆசையோடு வருகிறவர்கள் முதலில் வாசிகசாலையில் ஒரு காலை இருங்கள். பேப்பர் பார்க்க வருகிறவர்களின் கதையைக் கேட்டாலே எந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் இல்லை, எந்த வீட்டில் மருந்துக்குக் காசில்லை என்று விளங்கும். எல்லோர் முன்னாலும் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கும் மானம் இருக்கிறது.

சரி, சுருட்டுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிற நடு வயது ஆண்கள் பலர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான்: “அப்பு பத்தின சுருட்டு இப்பவும் கிடைக்குமோ?” கிடைக்கும்.

இணுவில், தாவடி, கொக்குவில், கோண்டாவில் பகுதிகள் சுருட்டாலேயே வாழ்ந்த ஊர்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை டச்சுக்காரர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிறகு எங்கள் ஆட்கள் தெற்கே சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை வைத்தார்கள். அப்பா கடையில், அம்மா ஊரில், வருடத்துக்கு இரண்டு தரம் சந்திப்பு, இப்படித்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் படிப்பித்தன. 1958, 1977, 1983 கலவரங்களில் தமிழர் கடைகள் எரிந்தன, அந்த வாழ்க்கையும் அதோடு முறிந்தது. இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பலரின் பள்ளிக்கூடக் காசு, யாரோ ஒரு கொட்டிலில் குனிந்திருந்து சுற்றிய சுருட்டு.

அந்தக் கொட்டில்களில் ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். உள்ளே போனதும் ஈரப் புகையிலையின் நெடி மூக்கில் ஏறும், சிலருக்குத் தும்மல் நிற்காது. கீழே சம்மணமிட்டு இருப்பவரின் முன்னால் ஒரு பலகை. நனைத்துப் பதமாக்கிய இலையின் நடுநரம்பைக் கிழித்து எடுப்பார். உடைந்த இலைத் துண்டுகளை உள்ளுக்கு வைத்து, நல்ல இலையொன்றை அதன் மேல் சாய்வாகப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தள்ளு. கண் மூடித் திறப்பதற்குள் சுருட்டு உருண்டிருக்கும். நுனியில் துளி பசை தடவி, அடியை நறுக்கிப் பக்கத்தில் அடுக்குவார். எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் கை நிற்காது. முன்பு ஒருவர் உயரத்தில் இருந்து பேப்பரும் தொடர்கதையும் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் உலக அரசியல் கதைத்தது அப்படித்தான். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். போகும்போது ஒரு கட்டாவது வாங்குங்கள்.

தோட்டம் பார்க்க வேண்டும் என்றால் மாசி, பங்குனி. பக்கக் குருத்தைக் கிள்ளிக் கிள்ளி வளர்த்த கன்றுகளின் இலை, ஆள் கையளவு அகலத்துக்கு விரிந்து நிற்கும். வெட்டி வாடவிட்டு, குடிலில் தூக்கிக் கட்டி, தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகை போடுவார்கள். அந்த வாசனை ஒழுங்கை முழுக்க நிற்கும். புகையிலைச் செய்கையையே நிறுத்தப் போவதாக அரசு முன்பு அறிவித்தபோது தோட்டக்காரர் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள். இப்போதும் நடுகிறார்கள், ஆனால் இளம் பிள்ளைகள் இதற்கு வருவதில்லை.

வாங்குவதற்கு நல்ல இடம் சந்தையடிப் பழைய கடைகள். சுன்னாகம் சந்தையிலும் திருநெல்வேலிச் சந்தையிலும் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடையிலும் இராது, புகைப்பொருள் விற்பதில்லை என்று முடிவெடுத்த கடைகளும் உண்டு, அவர்களை மதியுங்கள். வாங்கும்போது மெதுவாக அமத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் காய்ந்து போனது. பச்சையாக நசிந்தால் இன்னும் பதம் வரவில்லை, பூஞ்சணம் பிடிக்கும். ஹவானாச் சுருட்டுப் பழகியவர்களுக்கு முதல் இழுப்பிலேயே தலை சுற்றும், இது காரமான சாமான். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

எங்கே பத்தலாம்? 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. பஸ், ரயில், சாப்பாட்டுக்கடை, வாசிகசாலை எதிலும் கூடாது. பெரிய விடுதிகளில் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், கேளுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது, ஆகவே மருமகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். மின் சிகரெட் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை உண்டு, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வெளிநாட்டு சிகரெட் பெட்டிகளை அன்பளிப்பாகக் கட்டிக்கொண்டு வந்து கட்டுநாயக்காவில் அகப்படுகிறவர்கள் பற்றி அடிக்கடி பேப்பரில் வருகிறது, அந்தச் சிக்கல் உங்களுக்கு வேண்டாம்.

சட்டத்தை விட ஊர் வழக்கம் பெரிது. மூத்தவர் முன்னால் இளையவர் பத்துவதில்லை. உங்களுக்கு ஐம்பது வயதானாலும் பெரியப்பாவுக்கு நீங்கள் தம்பிதான். அவர் விறாந்தையில் இருந்தால் நீங்கள் பின் வளவுக்குப் போங்கள், கிணற்றடி தாண்டி வாழைக்குள். அவராக “இந்தா” என்று நீட்டினால் அது வேறு. அப்படி நீட்டப்பட்டவர்கள் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் வீதியில் கையிலே வைத்திருக்கவும் வேண்டாம். கிடுகு வேலியும் பனையோலையும் சோளகத்தில் நொடியில் பற்றிவிடும், நுனியை மண்ணில் நசித்து அணைத்த பிறகே நகருங்கள்.

பழைய ஆட்கள் ஒரு சுருட்டை ஒரே தரத்தில் முடிப்பதில்லை. பாதியில் அணைத்துக் குறைச்சுருட்டைக் காதில் செருகுவார்கள், அல்லது குசினிக் கூரையின் இறப்பில் ஒளிப்பார்கள். எங்கள் அப்பாச்சியும் பத்தினவர். அவர் செத்தபின் கூரை மாற்றியபோது இறப்பிலிருந்து மூன்று குறைச்சுருட்டுகள் விழுந்தன. அம்மா அவற்றை எறியவில்லை, வெற்றிலைத் தட்டத்தில் எடுத்து வைத்தார்.

போனவர்களை நாங்கள் நினைப்பது அப்படித்தான். அதனால், செத்தவீட்டுக்காக அவசரமாக வருகிறவர்கள், போனவருக்குப் படைக்கும் எட்டுச் செலவு வரைக்குமாவது நில்லுங்கள். போனவருக்குப் பிடித்ததெல்லாம் அன்று வாழையிலையில் வரும்: மீன் குழம்பு, ஒடியல் கூழ், வெற்றிலை, சுருட்டு, நெருப்புப் பெட்டி. முப்பத்தோராம் நாள் வரை நிற்க முடியாதவர்களுக்கு அந்த இலையின் முன்னால் இருக்கும் அரை மணித்தியாலம் பெரிய ஆறுதல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாயில் புற்று வந்து செத்துப்போன சுருட்டுக்காரர்களை இந்த ஊர் கண்டிருக்கிறது, என் மாமாவும் அவர்களில் ஒருவர். இங்கே வந்து நினைவுக்காக ஒன்று பத்துவது உங்கள் விருப்பம். விட்டவர்கள் மறுபடி தொடங்க வேண்டாம். பத்தாமல் அதே விறாந்தையில் பிளேன்ரீயோடும் பனங்கட்டித் துண்டோடும் இருந்தாலும் கதை வரும்.

திரும்பும்போது மிளகாய்த்தூளை இரண்டு பையில் போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் உடுப்பெல்லாம் மணக்கும். புழுக்கொடியலும் பனாட்டும் பழுதாகாது. சுருட்டை வாழைச்சருகில் சுற்றி, மேலே பேப்பர் சுற்றி, கைப்பையில் வையுங்கள். தீர்வையில்லாமல் கனடாவுக்கு 50 சுருட்டு வரை கொண்டு போகலாம், 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றிருக்க வேண்டும். பிரித்தானியாவுக்கும் 50 தான், ஆனால் அதோடு சிகரெட்டும் சேர்த்து முழு அளவு கொண்டு போக முடியாது. அவுஸ்திரேலியாவுக்கு 25 கிராம்தான், ஆசைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

பெறாமகன் இந்த ஆவணிக்கு மறுபடி வருகிறான், இம்முறை 24 நாள். திருகோணமலை வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். பெரியப்பா இப்போதே விறாந்தைச் சாய்மனைக் கதிரைக்குப் புதுத் துணி போடச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் வைக்க இன்னொரு கதிரையும் வேண்டுமாம்.