ஆன்டிசைகோட்டிக் மாத்திரை: மனசை மட்டும் பாத்துட்டு உடம்பை விட்டுடாதீங்க

தீவிர மனநோய்க்குக் குடுக்குற இந்த மாத்திரையை வீட்ல ஒருத்தருக்கு ஆரம்பிச்சதும் எல்லாரும் பாக்குறது இல்லாத குரல் கேக்குறது நின்னுச்சா, சந்தேகம் குறைஞ்சுதா, ராத்திரி தூங்குறாரா, இவ்வளவுதான். அது சரியாயிட்டா போதும்னு அதே சீட்டை வச்சு மாசக்கணக்குல மாத்திரை வாங்கிட்டே இருப்பாங்க, உடம்புல என்ன நடக்குதுன்னு கேக்க ஆளே இருக்காது.

முதல் தப்பு, எந்த டெஸ்ட்டும் எடுக்காம ஆரம்பிக்கிறது. எடை, இடுப்பளவு, பிபி, வெறும் வயித்துல சுகர், கொலஸ்ட்ரால் இதெல்லாம் ஆரம்பத்துலயே எழுதி வச்சாதான் பின்னாடி ஏறுனது தெரியும். இந்த வகை மாத்திரையில ஓலன்சபின், குளோசபின் ரெண்டும்தான் எடையை அதிகமா ஏத்துறது, அதுவும் முதல் சில வாரத்துலயே வேகமா ஏறும், அதனால 4, 8, 12-வது வாரம் எடை பாக்கணும், 12-வது வாரம் சுகரும் கொலஸ்ட்ராலும் திரும்ப எடுக்கணும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது. எடையை ஏத்துற அந்தப் பசி மாத்திரையால வர்றது, அவரைத் தின்னிப்பண்டாரம்னு திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. ரொம்ப தாகம் எடுக்குது, அடிக்கடி யூரின் போறாருன்னா எடை ஏறலன்னாலும் சுகர் பாத்துடுங்க.

என்னைக் கேட்டா இருக்குறதுலயே மோசமான குழப்பம் அகதீசியா விஷயத்துலதான். ஒரு இடத்துல உக்கார முடியாது, காலை ஆட்டிட்டே இருப்பாரு, எந்திரிச்சு நடப்பாரு, உள்ளுக்குள்ள ஏதோ பிசையுதும்பாரு. இது மாத்திரையோட சைடு எஃபெக்ட். ஆனா வீட்ல "நோய் திரும்ப ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு டாக்டர்கிட்ட சொல்லுவாங்க, டோஸ் ஏறும், தவிப்பு இன்னும் ஏறும். இந்தத் தவிப்பு தாங்காம தற்கொலை எண்ணம்கூட வரலாம். அதனால "கத்துறாரு, அடங்க மாட்டேங்குறாரு"ன்னு மொட்டையா சொல்லாம, எப்போ ஆரம்பிச்சுது, டோஸ் ஏத்தின பிறகா, கால்தான் நிக்க மாட்டேங்குதான்னு பாத்து சொல்லுங்க.

அடுத்தது, நல்லாயிட்டோம்னு திடீர்னு நிறுத்துறது. நிறுத்தின மறுநாளே பெரும்பாலும் எதுவும் ஆகாது, அதுதான் ஏமாத்துது. வாரம், மாசம் கழிச்சு நோய் திரும்பும்போது நிறுத்துனதையே யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. குறைக்கணும்னா டாக்டரோட சேர்ந்து மெதுவா குறைங்க. குளோசபின்ல இன்னொரு சிக்கல், 48 மணி நேரத்துக்கு மேல விட்டுட்டா பழைய டோஸை அப்படியே போட்டுக்கக் கூடாது, பிபி சட்டுனு இறங்கிடும், டாக்டர்கிட்ட கேட்டு திரும்ப சின்ன டோஸ்ல இருந்துதான் வரணும்.

குளோசபின் எடுக்குறவங்க ரத்த டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க, வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு குறையலாம், அதனாலதான் முதல் சில மாசம் வாரா வாரம் எடுக்கச் சொல்றாங்க. காய்ச்சல், தொண்டை வலின்னா சும்மா பாரசிட்டமால் போட்டு படுக்காம அன்னைக்கே ரத்தம் பாக்கணும். மலச்சிக்கலையும் சொல்ல வெக்கப்படாதீங்க, குடல் அடைச்சு உயிரே போன கேஸ் உண்டு. சிகரெட்டை விட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லணும், ஏன்னா புகை இந்த மருந்தை ஈரல் வேகமா உடைக்க வைக்குது, சிகரெட் நின்னதும் அதே டோஸ்லயே ரத்தத்துல மருந்தோட அளவு கூடிடும். ஓலன்சபினுக்கும் இது பொருந்தும்.

இதே வகையில ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு எடுக்குறப்போ பீரியட்ஸ் நின்னு போறது, மார்புல பால் கசியுறது, செக்ஸ்ல ஆர்வம் போறது நடக்கும், கேக்காம யாரும் சொல்றதில்ல.

கடும் காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, வியர்வை, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அடுத்த டோஸும் குடுக்காதீங்க, நேரா எமர்ஜென்சி. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, கண்ணு மேல சொருகிக்கிச்சுன்னாலும் உடனே போங்க, ஊசி போட்டா சீக்கிரமே சரியாயிடும்.

வேற டாக்டர்கிட்ட போறப்போ இந்த மாத்திரையை மறைக்கிறவங்க நிறைய. சில ஆன்டிபயாட்டிக் இதோட சேர்ந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அசித்ரோமைசின்கூட அந்த லிஸ்ட்ல உண்டு. டிமென்ஷியா (ஞாபக மறதி நோய்) இருக்குற வயசானவங்களுக்கு இந்த மாத்திரை இறப்பு அபாயத்தையே கூட்டுதுன்னு 2005-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சாச்சு. அதனால ராத்திரி சத்தம் போடுறாங்கன்னு தொடங்குன மாத்திரையா இருந்தா, இன்னும் தேவையா, எப்போ குறைக்கலாம்னு ஒவ்வொரு விசிட்லயும் கேளுங்க.