மலை ஈரத்தில் ஒரு பேரி மர வளையம்: கைக்குழந்தைக்குக் கடிபொம்மை செய்வது எப்படி

நாலாவது மாதம் பிறந்ததும் என் மகள் கையில் அகப்பட்டதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். என் சேலைத் தலைப்பு, தாத்தாவின் மஃப்ளர், எதையும் விட்டுவைக்கவில்லை. கடையில் வாங்கிய கிலுகிலுப்பை ஒரே வாரத்தில் சாயம் விட்டது. இங்கே கொடைக்கானலில் தோட்டத்தில் பேரி மரத்தை வைத்துக்கொண்டு இதை ஏன் வாங்க வேண்டும் என்று நானே இறங்கிவிட்டேன். முதல் இரண்டு வளையமும் வீணாகி, மூன்றாவதுதான் இப்போது அவள் கையில் இருக்கிறது.

முதலில் எந்த வயதுக்கு எது என்று பார்த்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதாவது மடியில் கிடக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். முதல் இரண்டு மாதத்துக்கு அந்த முகமே போதும், மிஞ்சினால் வெள்ளை வேட்டித் துண்டில் கறுப்பு நூலால் பட்டை பட்டையாகத் தைத்துக் காட்டுங்கள். விரலைக் கொடுத்தால் இறுக்கிக்கொள்வது பிறவியிலேயே வருவது. தானாகக் கை நீட்டிப் பிடிப்பது மூன்று, நான்கு மாதத்தில் வரும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது ஐந்து, ஆறு மாதத்தில். வளையம் இந்தக் கட்டத்துக்குத்தான், எப்படித் திருப்பினாலும் பிடி கிடைக்கும்.

1. மரம்

என் தேர்வு பேரி. நெருக்கமான மரம், வாசனை கிடையாது, சிலாம்பு எளிதில் கிளம்பாது. பைனில் பிசின் இருக்கும், யூகலிப்டஸ் காயும்போது வெடிக்கும், சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், மூன்றையும் விட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரி கவாத்தில் விழும் கிளைகளில் தொடை கனத்தில் ஒன்றை, மருந்தடிக்கும் முன்பே எடுத்து வையுங்கள். பழைய கட்டில் கால், ஜன்னல் சட்டம் போன்ற பெயின்ட் அடித்த மரம் கண்டிப்பாக வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்.

2. அறுத்துக் காயவைப்பது

என் முதல் வளையம் போனது இங்கேதான். அன்று வெட்டிய பச்சைக் கிளையை வட்டமாக அறுத்து, சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்பு மேடையில் வைத்தேன். மறுநாள் காலையில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாகப் பிளந்து கிடந்தது. மாமனார் பார்த்துவிட்டு, "கொட்டகையில போன வருஷத்துக் கட்டை கிடக்குதேம்மா, அதை எடுக்கக்கூடாதா?" என்றார்.

கிளையின் நடுவில் மெத்தென்று ஒரு நெட்டி ஓடுகிறது. அது உள்ளே இருக்கும் துண்டு பெரும்பாலும் வெடித்துவிடும். அதனால் ஆசாரியிடம் கொடுத்து, நெட்டியை விட்டுத் தள்ளி, நீளவாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் கனப் பலகையாக அறுத்துக்கொள்ளுங்கள். பலகையின் இரு முனைகளிலும் மெழுகுவத்தியை உருக்கித் தடவுங்கள், முனைதான் முதலில் காய்ந்து வெடிக்கும். பிறகு அடுப்பும் வெயிலும் படாத, காற்றோட்டமான இடத்தில் குச்சிகளின்மேல் அடுக்கி வைக்க வேண்டும். இந்த மூடுபனியில் எத்தனை மாதம் ஆகும் என்று நாள் கணக்கு சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள், எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதே பலகையை அறுத்துப் போட்டால் சரியாக இருக்கும்.

3. வளையம்

வெளி வட்டம் 7 சென்டிமீட்டர், உள்துளை 4. இதற்கு ஆசாரியின் டிரில்லே வசதி, வீட்டில் கைரம்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். விளிம்பை மட்டும் நீங்களே அரத்தால் உருட்டிவிடுங்கள்.

4. தேய்ப்பது

இரண்டாவது வளையம் இங்கே போனது. உப்புத்தாளில் 80, 120, 220, 400 என்று வரிசையாகத் தேய்த்தேன் (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்), கன்னத்தில் வைத்தால் வழுக்கியது. அவ்வளவு சந்தோஷமாகக் கையில் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து வாங்கிப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கிறது! எச்சில் பட்டதும் தேய்ப்பில் படிந்திருந்த மர நார் எல்லாம் எழுந்து நின்றுவிட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லை. அதனால் 220 முடிந்ததும் ஈரத்துணியால் வளையம் முழுவதையும் நனைத்து, ஓர் இரவு காயவிட்டு, எழுந்த நாரை 400ஆல் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். இப்படி மூன்று முறை, அப்புறம் நனைத்தாலும் எழாது. கடைசியில் தூள் போகத் துடைத்துவிட்டு உங்கள் வாயிலேயே ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

5. எண்ணெய்

நான் எதுவும் பூசுவதில்லை. வார்னிஷ் வேண்டவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளி எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருக்கும், அது வாய்க்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் லேசாகச் சூடாக்கித் தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் ஊரில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

கழுவும்போது ஊறவைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். கரும்புள்ளி வந்தால் பூஞ்சைதான், தேய்த்துக் காப்பாற்ற நினைக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காகப் பிறகு சேர்த்தது:

கிலுகிலுப்பைக்குள் குன்றிமணி போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம், அந்த விதை உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. எந்த விதை வைத்த பொம்மையும் உடைந்தால் தொண்டையில் அடைக்கும். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம், அதற்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குள் கொடுக்காதீர்கள். காட்டில் பொறுக்கும் யூகலிப்டஸ் காயும் இதில் சேர்த்தி.

தேன் மெழுகு பற்றிக் கேட்டவருக்கு: வாய்க்குப் போகும் பொருளில் நான் பூச மாட்டேன். இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சேனை வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவுவதை ஒரு வயது முடியும்வரை யாரையும் செய்ய விடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வளையத்தில் கயிறு கட்டித் தொட்டிலில் தொங்கவிட வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். செய்ய நேரமில்லை, வாங்கத்தான் போகிறோம் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, அதனால் கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப் பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கலாம்.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம், கீழே இரண்டு பல். வளையத்தின் ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழிகளாக அவள் கடித்த தடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நகத்தால் சுற்றிலும் வருடிப் பார்த்து, எங்காவது சிலாம்பு தட்டினால் 400ஐ எடுத்து உட்கார்ந்துவிடுகிறேன். அவள் அழுதுகொண்டே காத்திருக்கிறாள்.