ஊருக்குப் போறீங்களா? பாட்டி நகைய உருக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

லீவுல தமிழ்நாட்டுக்குப் போனா யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ பீரோவத் திறந்து "இந்தா, உங்க பாட்டியோடது, உன் பங்கு"ன்னு ஒரு சுருக்குப்பையக் கையில குடுப்பாங்க, நமக்கோ அடுத்த வாரம் ஃப்ளைட், பக்கத்துக் கடையில போட்டு புது டிசைனா மாத்திக்கலாம்னு தோணும். அந்த அவசரம் மட்டும் வேண்டாம். கடையில எடை போடுவாங்க, டச் (தங்கத்தோட சுத்தம்) பாப்பாங்க, கல்லுக்கும் அழுக்குக்கும் கழிப்பாங்க, அவங்களுக்கு அது வெறும் பழைய தங்கம் தான்.

மொதல்ல குடுத்தவங்ககிட்டயே உக்காந்து கேளுங்க. யாரு கல்யாணத்துக்குச் செஞ்சது, எந்த ஊர் ஆசாரி, நடுவுல அழிச்சுச் செஞ்சாங்களா, எல்லாத்தையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. அந்தத் தலைமுறை போயிட்டா இதச் சொல்ல ஆளே கிடையாது.

அப்புறம் நகையத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பழைய கெம்பு அட்டிகைல கல்லு பின்னாடி தகடு வச்சு மூடியிருக்கும், ஒவ்வொரு கல்லும் ஒரே அச்சா இல்லாம கொஞ்சம் கோணலா, சைஸ் முன்னப்பின்ன இருக்கும். தோடா இருந்தா திருகாணியக் கழட்டிப் பாருங்க, கையால வெட்டின மரை சீரா இருக்காது, வலது காதுத் திருகு இடது தோட்டுல ஏறக்கூட ஏறாது, அதனால கலந்துடாதீங்க. மூடின கட்டு நகையத் தண்ணில ஊறப் போடவே கூடாது, உள்ள ஈரம் போனா கல்லு மங்கிடும். தெக்குப் பக்கம் பாம்படம் (பாட்டிங்க காதுல தொங்கற பெரிய நகை) கிடைச்சா, அதுல பலது உள்ள அரக்கு வச்சு மேல தங்கத் தகடு போட்டது, மொத்த எடைய வச்சுக் கணக்குப் போட்டா ஏமாந்துடுவீங்க.

முத்திரை இல்லையேன்னு பயப்படாதீங்க, இந்தியாவுல தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000ல தான், ஒவ்வொரு நகைக்கும் தனியாப் போடற 6 எழுத்து எச்யூஐடி நம்பர் 2021ல வந்தது. சந்தேகம்னா பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் இருக்கற ஹால்மார்க் சென்டர்ல நாமளே நேராக் குடுத்து டெஸ்ட் பண்ணலாம், ஆனா மெஷின் மேல்பரப்பத்தான் படிக்கும், முலாம் பூசின சாமானா இருந்தா அத மட்டும் நம்ப முடியாது.

காசுமாலைல தொங்கறது நிஜ சவரனா, தட்டின வில்லையான்னும் பாக்கணும். நிஜ பிரிட்டிஷ் சவரன் தங்கக் காசு 22 கேரட், 7.98 கிராம், ஆனா வளையம் பத்த வச்சிருந்தா எடை கூடும். பையில பழைய வெள்ளி ரூபாய் இருந்தா வருஷத்தப் பாருங்க: விக்டோரியா ரூபாய்ல 1876 வரைக்கும் குயின்னு இருக்கும், 1877லேர்ந்து எம்ப்ரஸ். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்ல 1940லேர்ந்து வெள்ளி பாதிதான், 1947 ரூபாய் முழுக்க நிக்கல். எதையும் புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க ப்ளீஸ், பளபளன்னு ஆக்கினா சேகரிக்கறவங்க தொடவே மாட்டாங்க.

பித்தளை, மங்குச் சாமான் (பீங்கான், எனாமல்), பழைய ஃப்ரேம் படம்னா, பழைய சாமான் கடைங்க இருக்கற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு சுத்து சுத்துங்க, வாங்க வேண்டாம், எது எப்படி இருக்கும்னு கண்ணு பழகும்.

கிளம்பும்போது சட்டத்த மறந்துடாதீங்க. குழந்தைக்குப் போட்ட புலிநகச் சங்கிலி, யானைத்தந்தக் குங்குமச் சிமிழ் ரெண்டையும் எவ்வளவு பாசமானதா இருந்தாலும் பெட்டில வைக்கவே வைக்காதீங்க, வனவிலங்குச் சட்டம் பாயும், புலிநகத்த வீட்டுல வச்சிருக்கறதே சிக்கல். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின சிலை, நாணயம், ஓவியம், கைவினைச் சாமானெல்லாம் வெளிநாடு கொண்டு போகக் கூடாது, மதிப்புள்ள ஓலைச்சுவடின்னா 75 வருஷமே போதும். உங்க சாமான் அவ்வளவு பழசு இல்ல, ஆனா பாத்தா பழசு மாதிரித் தெரியும்னா, இந்தியத் தொல்லியல் துறைல தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கலாம். அதுக்கு நாள் ஆகும், ஊர்ல இறங்கின மொத வாரத்துலயே போயிடுங்க.