கல்லூரிப் பிள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் கார்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் பல வீடுகளில் ஒரே கணக்குதான் ஓடும். "புதுசா ஓட்டுறவன், எப்படியும் எங்கேயாவது இடிப்பான். ஒன்றரை லட்சத்துக்குள்ள பழைய வண்டி ஒண்ணு பிடிச்சுக் கொடுப்போம். கை பழகட்டும், அப்புறம் நல்லதா பார்த்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் வருவது பம்பரும் கதவும்தான், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் வருவதில்லை. வீட்டிலேயே அனுபவம் குறைந்த கைக்கு, இருப்பதிலேயே பாதுகாப்பு குறைந்த காரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். செகண்ட் ஹேண்ட் காரில் செய்யும் மற்ற தவறுகளைச் செலவு செய்தாவது சரிக்கட்டிவிடலாம். இதை முடியாது.

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற சின்ன கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என ஏர்பேக் இல்லாத அடிப்படை வேரியன்ட்கள் எல்லாமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கின. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குடன் மோதவிட்டபோது கிடைத்தது நான்கு ஸ்டார். ஆகவே "போலோ நல்ல வண்டியாச்சே" என்பதோடு நிறுத்தாமல், எந்த வருடம், எந்த வேரியன்ட் என்று கேட்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. 2019 ஏப்ரல் முதல் எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவையும் கட்டாயம். முன்பக்கம் பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் 2021 கடைசியில்தான் எல்லா மாடலுக்கும் வந்தது. அதனால் 2019 பிற்பாதிக்குப் பிறகு தயாரான வண்டியைத் தேடுவதே என் கட்சி. பட்ஜெட் இடிக்கிறதென்றால், அதற்கு முந்தைய வருடங்களில் ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக் உள்ள டாப் வேரியன்ட்டைத் தேடலாம். புரோக்கர் சொல்லும் "2019 மாடல்" பதிவு செய்த வருடமாக இருக்கலாம். தயாரான மாதமும் வருடமும் ஆர்.சி.யிலேயே இருக்கும், அதைப் பாருங்கள்.

ஏர்பேக் இருக்கிறது என்றால், வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில நொடியில் ஏர்பேக் விளக்கு அணைய வேண்டும், ஏ.பி.எஸ். விளக்கும் அதிகம் போனால் வண்டி கிளம்பியதும் போய்விட வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: பெரிய விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்ட வண்டியாக இருக்கலாம். ஏர்பேக் விளக்கு ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைகிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் ஒரே ஒயரில் இணைத்துவிடும் கைவேலை உண்டு.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்கள் பாலிஷ் போட்டு வேறு ஊர்களுக்கும் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி முழத்தை யாரும் துவைப்பதில்லை. சேற்றுக் கறை இருந்தால் அங்கேதான் தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஏ.சி. போட்டதும் ஈர வாடை, இதில் இரண்டு சேர்ந்தால் பேரம் பேசவே உட்காராதீர்கள்.

விளம்பரத்துக்கென்று தனி மொழி இருக்கிறது: சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, எஃப்.சி. கரண்ட், எஞ்சின் பக்கா. இதில் எதற்கும் நான் மார்க் போடுவதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைக் கேளுங்கள். மூன்று வருடம் முன்பே எழுபதாயிரம் என்று பதிவாகியிருக்க, இன்று மீட்டர் நாற்பத்தெட்டாயிரம் காட்டினால் மேலே பேச என்ன இருக்கிறது? டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்பதையும் கேட்டுவிடுங்கள். பார்க்கப் போகும் நாளில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் உங்களுக்குத் தெரியக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள், புரோக்கர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

மைலேஜ் ஆசையில் டீசல் வாங்குவது இன்னொரு தவறு. வீட்டிலிருந்து கல்லூரி எட்டு கிலோமீட்டர், அதிலும் பாதி சிக்னல். 2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும், செலவும் சின்னதல்ல. டெல்லியில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் கார்களுக்கும் இதே பதில்தான். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் கட்டி முடித்தால் அந்த மலிவு காணாமல் போகும். செவர்லே, டட்சன் போல இந்தியாவில் விற்பனையை நிறுத்திய பிராண்டுகளில், உங்கள் ஊரில் பார்ட்ஸ் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

காகித வேலையில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இன்சூரன்ஸ். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, பழைய கடன் இருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35-ஐயும் வங்கியின் கடிதத்தையும் வாங்கி, ஆர்.சி.யை மாற்றுவதற்குள் பலருக்கு மூச்சு வாங்கிவிடும். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும். கைமாறிய பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கு கிளெய்ம் போட்டால் கையை விரிப்பார்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதைக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். ஆர்.சி. மாற்றத்தை விற்பவரும் தள்ளிப்போட முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வண்டி யார் பெயரில் இருக்கட்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை, அப்பா பெயரில் போட்டுவிடுவார்கள். பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் பதிவு உரிமையாளருக்கானது. அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகள் என்றால், அந்தத் தொகை மகளுக்குப் பொருந்தாது. மகள் பெயரில் பதிவு செய்யலாம், அல்லது அவருக்குத் தனி விபத்து பாலிசி எடுக்கலாம். இரண்டும் செய்யாமல் விடுவதுதான் தவறு.

கடைசியாக, சாவி. ஹாஸ்டல் வாசலில் நிற்கும் காருக்கு நண்பர்கள் அதிகம். லைசென்ஸ் இல்லாத நண்பன் ஓட்டி யாரையாவது இடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் தம்பியும் இருந்தால், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவைப் பெரியவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. ஓட்டிய தம்பிக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது.