டச் பாரைத் திட்டாதீர்கள், மாற்றி வையுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கி கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்த மேக்புக் ப்ரோவில், கீபோர்டுக்கு மேலே தொட்டு வேலை வாங்கும் ஒரு கண்ணாடிப் பட்டை (இதுதான் டச் பார்) இருந்தால் அது 2016-க்கும் 2022-க்கும் நடுவில் வந்த மாடல். இதனால் என்ன பிரயோஜனம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வந்தபடியே விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து நம் வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் கதை வேறு.

முதலில் சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் டச் பார் செட்டிங்ஸ், அங்கே கஸ்டமைஸ் கண்ட்ரோல் ஸ்ட்ரிப். ஐகான்கள் திரையில் வரும். வேண்டியதைக் கர்சரால் பிடித்து, திரையின் அடிவிளிம்பையும் தாண்டிக் கீழே இழுங்கள், பட்டைக்குள் போய் விழும். முதல் தடவை பார்க்க வேடிக்கையாக இருக்கும். பட்டையின் வலது பக்கம் சுருங்கி நிற்கும் பகுதிதான் கண்ட்ரோல் ஸ்ட்ரிப், அதில் நான்கு இடம்தான், அதனால் குரலில் கேட்டால் பதில் சொல்லும் சிரி பட்டனை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, மொழி மாற்றும் இன்புட் சோர்ஸஸ் பட்டனை வையுங்கள். தமிழ்99, அஞ்சல் என்ற தமிழ் கீபோர்டு முறைகளில் அடித்துக்கொண்டே நடுநடுவே ஆங்கிலத்துக்குத் தாவுகிறவர்களுக்கு இந்த ஒரு பட்டனே போதும். வால்யூம் ஐகானைத் தொட்டு, விரலை எடுக்காமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் சத்தம் கூடும், குறையும். இது பல பேருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது பல வேலைகளை வரிசையாகத் தானே செய்துமுடிக்கும் ஷார்ட்கட்ஸ் ஆப், மேக்ஓஎஸ் மான்டெரே பதிப்பு முதல் எல்லா மேக்கிலும் இருக்கிறது. மாம்பழ சீசனில் மண்டிக் கணக்கு எழுதுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள்: பெங்களூரா ரக மாம்பழ லோடு ஒவ்வொன்றும் கூழ் ஃபேக்டரிக்குப் போகும்போது எடைச் சீட்டை யாராவது போனில் படம் எடுத்து அனுப்புவார்கள், சாயங்காலம் அத்தனையையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். புது ஷார்ட்கட் ஒன்றில் படத்தின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறை, பிடிஎஃப் ஆக்கு, ஃபைலாகச் சேமி என்று மூன்று ஆக்‌ஷன்களை வரிசையாக வைத்து, விவரப் பக்கத்தில் 'யூஸ் அஸ் குவிக் ஆக்‌ஷன்' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய், டச் பார் தலைப்பின் கீழ் அதன் பெயரையும் டிக் செய்துவிட்டால், ஃபைண்டரில் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டையில் தட்டுவதுதான் பாக்கி.

பட்டையில் விரலால் செய்யும் சைகைகளுக்கு ஆப்பிள் தருவது போதாது. பெட்டர்டச்டூல் என்ற ஆப்பை வாங்கலாம், 45 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்காவிட்டால் எந்தப் பட்டனும் வேலை செய்யாது, அதை முதலில் முடியுங்கள். அப்புறம் அந்த ஆப்பின் மேலே டச் பாரைத் தேர்ந்தெடுத்து, இடது பக்கம் எந்த ஆப்புக்கு என்று சொல்லி, பட்டன் சேர்த்து அதற்கு ஒரு கீபோர்டு ஷார்ட்கட்டைக் கொடுங்கள். ஃபோட்டோஷாப்பில் எக்ஸ்போர்ட் அஸ் வேண்டுமென்றால் ஆப்ஷன், ஷிஃப்ட், கமாண்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு டபிள்யூவை அழுத்த வேண்டும், கல்யாண ஆல்பம் வேலையில் நாள் முழுக்க இதைச் செய்கிற கைக்கு ஒரே தட்டு எவ்வளவோ மேல். பட்டையில் பல விரல்களால் இழுக்கும் சைகைகளையும் இதிலேயே அமைக்கலாம்.

காசு செலவழிக்க மனமில்லையா, எம்டிஎம்ஆர் என்ற ஆப் இலவசம். இரண்டு விரலால் இழுத்தால் சத்தம், மூன்று விரலால் இழுத்தால் வெளிச்சம். ஆனால் பட்டன்களை ஒரு ஜேசன் ஃபைலில், அதாவது கோடு மாதிரி எழுதும் டெக்ஸ்ட் ஃபைலில், எழுதித்தான் சேர்க்க வேண்டும், ஒரு கமா விட்டுப்போனாலும் தகராறு. கோடு எழுதிப் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

எந்த ஆப்பாக இருந்தாலும் டிலீட் கீக்கு நேர் மேலே எதையும் அழிக்கிற, மூடுகிற பட்டனை வைக்காதீர்கள், விரல் உரசினாலே போதும், போய்விடும். 2019 கடைசியில் வந்த 16 இன்ச்சுக்கு முந்தைய மாடல்களில் எஸ்கேப் கீயே பட்டைக்குள்தான் இருக்கிறது, அதனால் அவற்றில் இடது ஓரத்தை எஸ்கேப்புக்கு விட்டுவிட வேண்டும். பட்டை உறைந்து நின்றால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து பட்டையை இயக்கும் டச்பார்சர்வரைத் தேடி நிறுத்துங்கள், தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை.