மோட்டாரை மாற்றும் முன்: ஆர்.சி. டூரிங் காரில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

"அண்ணே, என்ன மோட்டார் போட்டா ஸ்பீடு கூடும்?"

ஆர்.சி. டூரிங் கார், அதாவது ரிமோட்டில் மட்டமான தரையில் ஓட்டுகிற குட்டி ரேஸ் கார், வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டியரிங்கத் தொடாம விட்டா வண்டி நேரா ஓடுதாடே?" பெரும்பாலும் பதில் வராது.

நாகர்கோவில் கோணம் பக்கம் ஒரு காம்பவுண்டுக்குள், சிமெண்டுத் தளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டுகிறோம். எங்களில் ஆக வேகமான மோட்டார் வைத்திருக்கிற பையன் இதுவரை ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை. நேர்கோட்டில் எல்லாரையும் தாண்டிப் போவான், வளைவில் சுற்றி நின்று எல்லாருக்கும் வழிவிடுவான்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு அடுத்து கை வைப்பது பினியனில், அதாவது மோட்டார் தண்டில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தில். அது சுற்றிவிடுகிற பெரிய பல்சக்கரம் ஸ்பர். தமியா என்கிற ஜப்பான் கம்பெனியின் டிடி-02 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வருவது 22 பல் பினியன், 70 பல் ஸ்பர். 70ஐ 22ஆல் வகுத்து, சேசிஸுக்குள் இருக்கிற மற்றப் பல்சக்கரங்களின் 2.6 விகிதத்தால் பெருக்கினால் 8.27. அதாவது மோட்டார் 8.27 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியனைப் பெரிதாக்கினால் இந்த எண் குறையும், உச்ச வேகம் கூடும். ஆனால் வளைவிலிருந்து கிளம்பும்போது வண்டி இழுக்காது, மோட்டார் சூடாகும். எங்கள் தளத்தில் நேர்கோடே இருபது மீட்டர்தான். உச்ச வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே சின்னப் பினியன்தான் ஜெயிக்கும். மாற்றியதும் மூன்று நிமிஷம் ஓட்டிவிட்டு மோட்டாரில் விரலை வையுங்கள். இரண்டு மூன்று விநாடி வைக்க முடியவில்லையா, பினியன் ரொம்பப் பெரிசு. பிரஷ்லெஸ் மோட்டார் 80 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே சுற்றுகிற ரோட்டரில் உள்ள காந்தம் பலம் குறைந்துவிடும். பிறகு எந்தப் பினியன் போட்டாலும் பழைய இழுவை வராது.

மோட்டார் முன்னும் பின்னும் நகருகிற சேசிஸில் இன்னொரு தவறும் நடக்கிறது. பினியன் பல்லையும் ஸ்பர் பல்லையும் இறுக்கிப் பிடித்துத் திருகிவிடுகிறார்கள். செய்தித்தாளில் ஒரு சின்னத் துண்டு கிழித்து இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்தித் திருகை முறுக்குங்கள். பிறகு ஸ்பரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்புத் தடம் இருக்கணும், கிழிந்திருக்கக் கூடாது.

அடுத்தது பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மாட்டுகிற நீல அலுமினியப் பாகங்கள். பார்க்க அழகு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவரில் மோதினால் சக்கரத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மிஞ்சிப் போனால் உடையும். அதை மாற்ற ஆகிற செலவு கொஞ்சம்தான். அலுமினியம் வளைந்து கொடுக்காது. அடியை உள்ளே கடத்தி, கடைசியில் சேசிஸின் திருகு ஓட்டையைப் பிய்த்துவிடும். அதே காசில் முதலில் பேரிங் வாங்குங்கள். கிட்டோடு வந்த புஷ்களை, அதாவது அச்சைத் தாங்குகிற வெறும் வளையங்களை, எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டால் கிடைக்கிற மாற்றம், அலுமினியத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்தாலும் வராது.

பேரிங் என்றதும் சொல்ல வேண்டியது உப்பு. நம்ம மாவட்டத்தில் கடலுக்கு ரொம்பத் தூரம் என்று சொல்லிக்கொள்ள இடம் கொஞ்சம்தான். என் வீடு குளச்சலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆனி, ஆடி மாசம் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் கரிக்கும். அந்தக் காற்றில் வண்டியை அலமாரி மேல் அப்படியே வைத்திருந்தேன். இரண்டு மாசம் கழித்து எடுத்து ஓட்டினால் பின்சக்கரம் கீச்சென்று சத்தம் போடுகிறது. வள்ளத்து எஞ்சின் வேலை பார்க்கிற மாமா ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். சக்கரத்தைக் கழற்றச் சொன்னார், பேரிங்கை ஊக்கு முனையில் கோத்து விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதோடு வைத்தார். "கேக்குதா மக்கா? கரகரன்னு. மணல்னு நெனச்சியா? உப்பாக்கும் அது." நானும் வைத்துக் கேட்டேன். அம்மியில் ஏதோ அரைபடுகிற மாதிரி இருந்தது.

அதற்கு முன்னால் நான் செய்திருந்த தவறு, துருப்போக்கும் ஸ்பிரேயை அதில் பீய்ச்சியது. அடித்த நிமிஷம் நன்றாகத்தான் சுற்றும். உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்து வெளியே தள்ளிவிடும், அதனால் ஒரு வாரத்தில் முன்பைவிட மோசம். செய்ய வேண்டியது இது: பேரிங்கின் பக்க மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, பிரேக் கிளீனரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அம்மா கேட்டால் மெஷினுக்குப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கரகரப்பு அப்படியும் போகாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வண்டியை வையுங்கள். சொத்தவிளையிலோ முட்டத்திலோ கடற்கரை மணலில் டூரிங் காரை விட்டு வீடியோ எடுக்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. தரைக்கும் சேசிஸுக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வைத்து ஓட்டுகிற வண்டி அது.

திருகு விஷயத்தில் இரண்டு தவறு. ஜப்பான் கிட்டுகளில் வருகிற திருகுத் தலை ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் தர அளவு. நம்ம கடையில் கிடைக்கிற ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராது, நாலு தடவை கழற்றுவதற்குள் தலை மழுங்கிப் போகும். இரண்டாவது, பிளாஸ்டிக்கில் திருகும்போது எடுத்த எடுப்பில் முறுக்குவது. முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய தடத்தில் விழுவது கைக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். திருகுப் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

இப்போது அந்த முதல் கேள்வி, வண்டி ஏன் நேராக ஓடவில்லை? ரிமோட்டில் ஸ்டியரிங்கை நேராக்குகிற ட்ரிம்மைத்தான் எல்லாரும் திருகுகிறார்கள். பல தடவை குற்றம் சேசிஸ் முறுக்கிக்கொண்டதில் இருக்கும். மேல் தட்டின் திருகுகளை ஒரு பக்கமாக முறுக்கினாலே போதும், சேசிஸ் கோணிவிடும். மட்டமான இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அடுக்களைக் கிரானைட் ஸ்லாப்தான். பேட்டரியோடு வண்டியை வைத்து, முன்பக்கம் சேசிஸின் நட்டநடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஸ்லாப்பை விட்டு எழும்பணும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் எழும்பினால் மேல் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, வண்டியை மட்டமாக அழுத்திக் குறுக்குமறுக்காக முறுக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி வளைவில் சுற்றினால் அப்போது ஸ்பிரிங், டிஃபரன்ஷியலில் ஊற்றுகிற டிஃப் ஆயில், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற டோ கோணம் எல்லாம் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றி, ஐந்து சுற்று ஓட்டி, நோட்டில் எழுதிவையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

டயரைப் பற்றி ஒரு வரி: தூசித் தரையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஈரத்துணியால் துடையுங்கள், டயரைச் சக்கரத்தோடு ஒட்டிய பசை விளிம்பில் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியில் மட்டும் விளையாட்டு கூடாது. இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுசாக ஏறினால் 8.4 வோல்ட். செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி. நிக்கல் பேட்டரி அமைப்பிலேயே இருந்தால் உரிய நேரத்தில் கரண்டை வெட்டாது, ஆகவே அதை லைபோ அமைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. நம்ம ஊரில் மழை இரண்டு தடவை வரும், ஜூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. "நாளைக்கு வெறிக்கும்" என்று முழு சார்ஜோடு வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து உப்பிய பேட்டரியோடு வந்து நிற்பவர்கள் நிறைய. ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள், சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் என்று இருக்கும். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டர் டிக்கிக்குள் போடாதீர்கள். உப்பியதை ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள்.

ரிமோட்டை முதலில் ஆன் செய்து, கடைசியில் ஆஃப் செய்யுங்கள். ரிசீவரில் ஃபெயில்சேஃபும் அமைத்துவையுங்கள், சிக்னல் போனால் வண்டி நிற்கும்படி. இதைச் சொல்லிக்கொடுத்த அதே சாயங்காலம் நான் பேச்சு சுவாரஸ்யத்தில் ரிமோட்டை முதலில் அணைத்துவிட்டேன். ஃபெயில்சேஃப் பையன்களின் வண்டியில்தான் இருந்தது, என் வண்டியில் இல்லை. காம்பவுண்டு கேட்டைத் தாண்டிச் சாக்கடைக்குள் இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்தேன், ஒரு பயல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.