டர்போவை முதலில் வாங்காதீர்கள்: குறைந்த செலவில் டிராக் கார் (பந்தயத் தளத்தில் ஓட்டும் கார்) கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி, பழைய டீசல் காரில் கழற்றிய டர்போவை, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவியை, சாக்கில் சுற்றிக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தான். “அண்ணே, டர்போ கெடச்சாச்சு. இனி மாருதி எஸ்டீம்ல மாட்டுனா போதும்லா?” என்றான். கையில் இருந்த காசில் பெரும்பகுதி அந்தச் சாக்குக்குள் போயிருந்தது. நம் பக்கத்தில் வண்டி கட்டுகிற பையன்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற தவறு இது. எஞ்சின் நலம், பெட்ரோல் வரத்து, அளக்கும் கருவி, எண்ணெய் வழி எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் டர்போ வாங்க வேண்டும்.

முதல் வேலை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்ப்பது. எஞ்சினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து நாலு சிலிண்டரையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினில் டர்போ வேண்டாம். அப்புறம், டீசல் வண்டியின் சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு அவ்வளவாக ஒத்துவராது. சீக்கிரம் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கும், ஆனால் ஆர்.பி.எம். ஏறும்போது புகை வெளியேற வழியில்லாமல் திணறும். பெட்ரோல் புகையின் சூடும் டீசலைவிட அதிகம்.

எஞ்சின்கள் அதிகம் சாவது பெட்ரோல் பற்றாக்குறையால்தான். எங்கள் முதல் வண்டியில் கம்பெனி பம்ப்பும் கம்பெனி இன்ஜெக்டரும் (எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) அப்படியே இருந்தன. மூன்றாவது ஓட்டத்தில், நாலாவது கியரில், மூன்றாம் பிஸ்டனின் ஓரம் உருகிப் போனது. சத்தம் கேட்டு நான் காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பூஸ்ட்டில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் வேண்டும். 150 குதிரைத்திறன் என்றால் மணிக்கு ஏறக்குறைய 55 லிட்டர். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 230 மி.லி. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது, ஆகவே 290 மி.லி.யாவது தரக்கூடியது தேவை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு இன்னும் 7 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஃப்யூயல் ரெகுலேட்டரின் ஹோஸை மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) இணைக்கவும் மறக்காதீர்கள். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும்.

புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் ட்யூனிங்கில் இறங்கவே இறங்காதீர்கள். ப்ளக்கின் நிறம் பார்த்துச் சொல்கிற அனுபவசாலிகள் நம்மூரில் உண்டு, அவர்கள்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் ப்ளக் சொல்வது நடந்து முடிந்த கதை. மீட்டரை லாம்டாவில் வையுங்கள்; லாம்டா 1 என்றால் பெட்ரோலுக்குச் சரியான அளவு காற்று, 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற பழைய எண் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு உரியது. 20 சதவீதக் கலவையில் அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். லாம்டாவில் அந்தக் குழப்பம் வராது. முழு பூஸ்ட்டில் 0.80 பக்கத்தில் தொடங்கினால் பயமில்லை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோலை வைத்து ட்யூன் செய்யாதீர்கள்.

இக்னிஷன் டைமிங்கில் (ப்ளக் பொறி விடும் நேரத்தில்) பேராசை வேண்டாம். ஒரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார் அழுத்தம்) பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி என்று பின்தள்ளித் தொடங்கி, கருவிகள் பதியும் லாகைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரலாம். நாக்கிங் (கலவை நேரங்கெட்டு வெடிப்பது) சத்தம் காதில் விழும்வரை காத்திருக்கக் கூடாது. ஸ்பார்க் ப்ளக் இடைவெளியை 0.6 மி.மீ. அளவுக்குக் குறைத்து, வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும், ஒரு படி குளிர்ந்த ப்ளக் போடுங்கள்.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம்மூர்க் காற்று 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டர்போ ஒன்று 0.5 பார் அழுத்தும்போது அது 90 டிகிரி பக்கம் போய்விடும். அந்தக் காற்று உள்ளே போனால் டைமிங்கைக் குறைத்தாலும் நாக்கிங் வரும் ஆபத்து அதிகம்.

எண்ணெய் திரும்பும் குழாயை எங்கே இறக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். டர்போவுக்குள் போன எண்ணெய் தன் கனத்தாலேயே கீழே வடிய வேண்டும். குழாய் குறுகலாகவோ நடுவில் வளைந்து ஏறியோ இருந்தால், எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தால், எண்ணெய் தேங்கி சீல் வழியாகக் கசியும். வெள்ளைப் புகை வந்ததும் டர்போ போச்சு என்று நினைத்து இன்னொன்று வாங்கியவர்கள் உண்டு. எண்ணெய் வரும் பக்கத்தில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனால் பேரிங் காலி.

பூஸ்ட்டை 0.4 பாரில் தொடங்குங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். பூஸ்ட், டைமிங், ப்ளக் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கிளட்ச்சுக்கும் நல்ல டயருக்கும் காசு மிச்சம் வையுங்கள். 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்தில் முதல் 20 மீட்டரில் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றால் கூடுதல் குதிரைத்திறன் உதவாது.

காவல்கிணறு பக்கம் நாலுவழிச் சாலை காலியாக இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். ஆடு மேய்ப்பவரும் விடியற்காலை மீன்வண்டியும் வரும் சாலை அது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறையே 3 மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 52ஆம் பிரிவும் தடையாக இருக்கிறது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் இருக்கிறது, கோயம்புத்தூரில் செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. போக, வர, லாரியில் ஏற்றி இறக்க ஆகும் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். ஹெல்மெட்டும் தீயணைப்பானும் அதே பக்கத்தில் வரட்டும். சூடான டர்போ மேல் எண்ணெய்க் குழாய் விட்டுப்போனால், தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் இருந்தால் பயனில்லை.